டி டிரைவைத் தொடாமல் ஓஎஸ் போட முடியுமா?

கேள்வி: திருநள்ளாற்றில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜாதகம் அடித்துக் கொடுப்பது, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். இதுதான் பிழைப்பு. சனிக்கிழமையில் கூட்டம் தாங்காது. ஜாதகம் அடிக்கிற சிஸ்டம் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஆக வாங்கி, பிறகு விண்டோஸ் 10 ஆக மாற்றினோம். இப்போது அடிக்கடி நின்றுபோகிறது. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் இந்தக் கணினியில் ஓடாது என்கிறது. சரி, 10-ஐயே புதிதாகப் போடலாம் என்று பென் டிரைவ் செருகினால், வட்டில் எம்பிஆர் பார்டிஷன் இருக்கிறது, ஜிபிடி வட்டில்தான் நிறுவ முடியும் என்று நின்றுவிடுகிறது. மெக்கானிக் தம்பி, மொத்த டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்தால்தான் ஆகும் என்கிறார். 2020, 2023 இரண்டு சனிப்பெயர்ச்சிக்கும் அடித்துக் கொடுத்த ஜாதகமெல்லாம் டி டிரைவில் இருக்கிறது. டி-யைத் தொடாமல் ஓஎஸ் போட வழி உண்டா?

இதோடு இன்னும் மூன்று. ஒன்று, இதே சிஸ்டத்தில் தினமும் காலையில் தேதி பின்னால் போய்விடுகிறது. இரண்டு, காரைக்காலில் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஓஎஸ் இல்லாத லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் போடப் போனால் டிஸ்க்கே இல்லை என்கிறது. மூன்று, பேரளத்தில் இருக்கும் அக்கா மகனின் பழைய அரசு லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வருகிறது. இது எல்லாம் வைரஸா?

— வாசகர், திருநள்ளாறு

பதில்: எதுவும் வைரஸ் இல்லை. நாலும் நாலு வேறு கோளாறு. எந்தக் கோளாறாக இருந்தாலும் ஃபார்மட் அடி என்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகிவிட்டது. உங்கள் நாலு கேள்வியில் ஒன்றுக்குக்கூட ஃபார்மட் மருந்தில்லை. ஓஎஸ் போடும்போது நின்றால், எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன சொல்லி நின்றது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். பென் டிரைவிலிருந்து கிளம்பவே இல்லையா, கிளம்பி வட்டைக் காணவில்லையா, வட்டைக் கண்டும் வேண்டாம் என்கிறதா, கோப்புகளை நகலெடுக்கும்போது நிற்கிறதா, எல்லாம் முடிந்து மறுபடி திறக்கும்போது நிற்கிறதா? ஐந்துக்கும் காரணம் வேறு. நின்ற திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

எம்பிஆர் தடை: உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு வட்டில் சி எங்கே முடிகிறது, டி எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை வட்டின் தொடக்கத்தில் எழுதி வைப்பார்கள். அப்படி எழுதும் பழைய முறை எம்பிஆர். அதில் 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்க முடியாது, முதன்மைப் பகுதிகள் நாலுக்கு மேல் கூடாது. புதிய முறை ஜிபிடி. கணினியைக் கிளப்பும் முறையிலும் இதேபோல இரண்டு உண்டு. பழையது பயாஸ், இதை லெகசி என்றும் சொல்வார்கள். புதியது யூஇஎஃப்ஐ. விண்டோஸின் விதி எளிது. லெகசியில் கிளம்பினால் எம்பிஆர் வட்டில்தான் உட்காரும், யூஇஎஃப்ஐ-யில் கிளம்பினால் ஜிபிடி வட்டில்தான் உட்காரும்.

உங்கள் ஹார்ட் டிஸ்க் விண்டோஸ் 7 காலத்தில் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது. உங்கள் மதர்போர்டுக்கு இரண்டு முறையும் தெரியும். பென் டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் கிளம்பிவிட்டது, அதனால்தான் தடை. இந்தத் தடைக்கு டிஸ்க்கின் கோளாறு காரணமில்லை.

கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டிப் பாருங்கள். ஜிகாபைட் போர்டு என்றால் எஃப்12, ஏசஸ் என்றால் எஃப்8, எம்எஸ்ஐ என்றால் எஃப்11. வரும் பட்டியலில் உங்கள் பென் டிரைவின் பெயர் பெரும்பாலும் இரண்டு முறை இருக்கும். ஒன்றின் முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர் மட்டும். அந்த வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் லெகசி முறையில் கிளம்பும். எம்பிஆர் வட்டை மறுக்காது. சி-யை மட்டும் தேர்ந்தெடுத்து விண்டோஸ் போடலாம், டி அப்படியே இருக்கும். பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்றால், பயாஸுக்குள் போய் சிஎஸ்எம் என்ற அமைப்பை இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ரூஃபஸ் மென்பொருளில் பென் டிரைவ் தயார் செய்திருந்தால், பார்டிஷன் முறை எம்பிஆர் என்று வைத்துத் தயார் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த மீடியா கிரியேஷன் டூலில் செய்த பென் டிரைவ் இரண்டு முறையிலும் கிளம்பும்.

டிஸ்க்கையே ஜிபிடி-க்கு மாற்ற விண்டோஸ் 10-இல் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்று ஒரு கட்டளை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். தரவு அழியாமல் மாற்றித் தருவது அது, உண்மைதான். ஆனால் வட்டில் எக்ஸ்டெண்டட் பகுதி இருந்தால் அது ஒத்துக்கொள்ளாது. நம் ஊர் அசெம்பிள்டு சிஸ்டங்களில் சி, டி, இ, எஃப் என்று நாலாகப் பிரித்துத் தருவதுதான் வழக்கம். அப்படிப் பிரித்தால் டி-யிலிருந்து மற்றவை பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள்தான் இருக்கும். உங்களுக்கு அந்தக் கட்டளை பயன்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். மெக்கானிக் தம்பி சொல்வது டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ அடித்து ‘கன்வர்ட் ஜிபிடி’ கொடுப்பது. கிளீன் என்றால் அந்த வட்டில் உள்ள எல்லாப் பகுதிக் கணக்கும் போய்விடும். சி, டி என்ற பேதம் அதற்குக் கிடையாது.

நான் சொல்லும் வழி: பழைய வட்டைக் கழற்றி வையுங்கள்

லெகசி வரியைத் தேர்ந்தெடுத்தால் வேலை நடந்துவிடும். ஆனாலும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடிக்கடி நின்றுபோகிறது என்கிறீர்கள். விண்டோஸ் 7 காலத்து ஹார்ட் டிஸ்க் அது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். நீலத்துக்குப் பதில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், வட்டில் கெட்டுப்போன செக்டர்கள் சேர ஆரம்பித்துவிட்டன என்று பொருள். அந்த வட்டில் புது ஓஎஸ் ஏற்றுவது வீண் வேலை. முதலில் டி-யில் உள்ளதை வேறொரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

பிறகு 256 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். முடிந்தால் ராமையும் 8 ஜிபி ஆக்குங்கள். உங்கள் போர்டுக்கு டிடிஆர்3 வேண்டும், டிடிஆர்4 வாங்கிவிடாதீர்கள். கணினியை அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள். எஸ்எஸ்டி-யை மட்டும் மாட்டி, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் 10 போடுங்கள். வெற்று வட்டு என்பதால் எம்பிஆர் பேச்சே எழாது. இடம் கேட்கும் திரையில் ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அடுத்தது கொடுத்தால் போதும், தேவையான பகுதிகளை விண்டோஸே பிரித்துக்கொள்ளும்.

இரண்டு வட்டும் மாட்டியிருக்கும்போது நிறுவினால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை எஸ்எஸ்டி-யில் வைக்காமல் பழைய வட்டில் வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. பின்னாளில் பழைய வட்டைக் கழற்றினால் புதிய விண்டோஸும் கிளம்பாது. தவறான வட்டை அழித்துவிடும் அபாயமும் இருக்கிறது. கேபிள் கழன்றிருக்கும் வட்டை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது.

விண்டோஸ் ஏறி, டிரைவர்கள் எல்லாம் சரியான பிறகு கணினியை அணைத்துப் பழைய வட்டை மாட்டுங்கள். உங்கள் பழைய விண்டோஸ் அதில் அப்படியே இருக்கிறது. புதியதில் ஜாதக மென்பொருள் தகராறு செய்தால், பூட் மெனுவில் பழைய வட்டைத் தேர்ந்தெடுத்துப் பழையபடி வேலை பார்க்கலாம். இதற்காக சிஎஸ்எம்-ஐ அணைக்காமல் வைத்திருங்கள். இந்த வேலையை வெள்ளிக்கிழமை இரவில் தொடங்காதீர்கள். ஞாயிறு மாலை தொடங்கினால் அடுத்த சனிக்கிழமைக்குள் சோதித்துப் பார்க்க ஐந்து நாள் கிடைக்கும்.

ஒரு சிறு விஷயம்: மாட்டியதும் பழைய டி, இப்போது இ அல்லது எஃப் என்று பெயர் மாறி வரலாம். ஜாதக மென்பொருள் டி என்ற முகவரியிலேயே தேடி, கோப்பு இல்லை என்று சொல்லும். கோப்பு எங்கும் போய்விடவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்தப் பகுதிக்கு மறுபடி டி என்று எழுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

நிறுவுவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

எல்லாம் டி-யில் இருக்கிறது என்று சொல்பவர்களின் டெஸ்க்டாப்பைப் பார்த்தால் ஐம்பது கோப்பு கிடக்கும். டெஸ்க்டாப் இருப்பது சி-யில். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் இரண்டும் சி-யில்தான். அவற்றையும் நகலெடுங்கள்.

ஜாதக மென்பொருளின் உரிமம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். யூஎஸ்பி-யிலோ பழைய பிரிண்டர் போர்ட்டிலோ மாட்டும் பூட்டு என்றால், அதற்கு 64-பிட் விண்டோஸுக்கான டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். பதிவு எண் முறை என்றால், பழைய நிறுவலை விடுவித்துப் புதியதற்கு எண் வாங்க வேண்டியிருக்கலாம். இதை ஓஎஸ் மாற்றுவதற்கு முன்பே கேட்பது நல்லது. இப்போது இருக்கும் விண்டோஸ் 32-பிட்டா 64-பிட்டா என்றும் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ பக்கத்தில் பாருங்கள். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருள் 64-பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. 32-பிட் மென்பொருள் ஓடும்.

எழுத்துருக்களையும் மறக்காதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய டேப், டேம், பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்பைப் புதுச் சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கிறதே, அதிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களை எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது. தனி மென்பொருள் வேண்டியதில்லை.

விண்டோஸ் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் கணினியில் விண்டோஸ் 10 முன்பே முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், அந்த உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். எண் கேட்கும்போது ‘என்னிடம் எண் இல்லை’ என்று கொடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஹோம் இருந்தால் ஹோம்தான். புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. விண்டோஸ் 7 எண்ணைக் கொண்டு 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் மூடிவிட்டது.

விண்டோஸ் 11 ஏன் மறுக்கிறது, 10-இல் இருக்கலாமா?

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். உங்களுடையது நாலாம் தலைமுறை. சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்கு வழி ரூஃபஸில் இருக்கிறது. ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. பிழைப்பு நடத்தும் சிஸ்டத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த அப்டேட்டை வீட்டுப் பயனாளர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துப் பெறலாம் என்று அறிவித்தார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அது பொருந்தாது. தொழில் இடங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர் என்று தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். அப்டேட் நின்றதால் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது, அதுதான் ஆபத்து.

ஜாதகம் அடிக்க இணையம் தேவையில்லை. ஆகவே இந்தச் சிஸ்டத்தை ஆக்டிவேஷன் முடிந்ததும் இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவையும் இதில் செருகாதீர்கள். ஆன்லைன் விண்ணப்பம், பணம் செலுத்துவது எல்லாம் வேறு சிஸ்டத்தில். அதுவும் இதே வயதுடையது என்றால் லினக்ஸ் மின்ட் 22 போட்டுப் பாருங்கள். அது உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு, இலவசம். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். கைரேகைக் கருவியோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ பயன்படுத்துகிறீர்கள் என்றால், அவற்றுக்கு லினக்ஸ் ஆதரவு உண்டா என்று கேட்ட பிறகே மாறுங்கள். பலவற்றுக்கு விண்டோஸ்தான் வேண்டும்.

காலையில் தேதி பின்னால் போவது

மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டது. இரவில் கடையைப் பூட்டும்போது யுபிஎஸ்-ஐயும் மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் கடிகாரத்துக்கு பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் போகும். சுவிட்சை அணைத்தால் அந்தப் பேட்டரி ஒன்றுதான் துணை. அதனால்தான் பகலில் ஒழுங்காக இருந்து காலையில் மட்டும் பிசகுகிறது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள்.

சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். தேதி பல ஆண்டு பின்னால் போனால் பாதுகாப்பான இணையதளம் ஒன்றும் திறக்காது, விண்டோஸ் ஆக்டிவேஷனும் தோற்கும். அதோடு பயாஸின் மற்ற அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதில் சாட்டா முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையோடு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஓஎஸ் போய்விட்டது என்று ஃபார்மட் அடித்த கதைகள் ஏராளம். பயாஸில் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் விண்டோஸ் கிளம்பிவிடும். உங்கள் தொழிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிறந்த ஜாதகம் நீங்கள் கொடுக்கும் தேதியில் கணிக்கப்படுவதால் தப்பிக்கும். ‘இன்றைய’ கோசாரமும் நடப்பு தசாபுக்தியும் கணினியின் தேதியை வைத்துத்தான் வரும். தேதி 2013 என்றிருந்தால் சனி துலாத்தில் இருப்பதாக அச்சடித்துக் கொடுத்துவிடுவீர்கள்.

பேட்டரி மாற்றும்போதே ராமையும் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசி தட்டி மாட்டுங்கள். கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் அந்த முனைகள் மங்கிப்போவது சகஜம். நிறுவும்போது கோப்புகளை நகலெடுக்கும் படியில் 80070570 என்று முடியும் பிழை வந்தால் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: சரியாக இறங்காத ஐஎஸ்ஓ கோப்பு, மட்டமான பென் டிரைவ், பழுதான ராம். வேறு பென் டிரைவில் புதிதாகத் தயாரித்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சிவப்பு வரி வந்தாலும் ராமை மாற்ற வேண்டியதுதான்.

மகளின் லேப்டாப்: டிஸ்க்கே இல்லை என்கிறது

டிஸ்க் இருக்கிறது. அதைப் பார்க்கும் டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் இல்லை. இன்டெலின் பதினோராம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பின் வழியாகத்தான் எஸ்எஸ்டி இணைக்கப்பட்டிருக்கிறது. ஓஎஸ் இல்லாமல் விற்கப்படும் மாடல்களில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும், ஏனென்றால் விண்டோஸோடு வரும் மாடல்களில் நிறுவனமே டிரைவரைச் சேர்த்து ஏற்றிவிடுகிறது.

லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை இறக்குங்கள். பெரும்பாலும் ஒரே நிறுவல் கோப்பாக வரும். அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் பயனில்லை. விரித்தெடுத்து, உள்ளே உள்ள ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும். வட்டு கேட்கும் திரையில் ‘லோட் டிரைவர்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி தெரியும். பயாஸில் விஎம்டி-யை அணைப்பது இன்னொரு வழி. ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் அந்த வரி மறைந்திருக்கும். பயாஸின் ‘மெயின்’ பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்-உம் சேர்த்து அழுத்தினால் தெரியும். வெற்று லேப்டாப்பில் அணைத்துவிட்டு நிறுவலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் லேப்டாப்பில் அணைத்தால் அந்த விண்டோஸ் கிளம்பாது.

இதைப் போலவே தோன்றும் வேறொரு செய்தி உண்டு: ‘மீடியா டிரைவர் இல்லை’ என்று வரும். அதற்கு விஎம்டி டிரைவர் தேடி அலையாதீர்கள். பெரும்பாலும் அது பென் டிரைவின் தவறு. வேறு யூஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள், சரியாகவில்லை என்றால் பென் டிரைவைப் புதிதாகத் தயாரியுங்கள்.

விண்டோஸ் 11 ஏறி முடிந்ததும் வைஃபையில் இணையச் சொல்லி நிற்கும், வைஃபை பட்டியல் காலியாக இருக்கும். வைஃபை டிரைவர் இன்னும் வரவில்லை. ஆண்ட்ராய்டு மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, மொபைலில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். மொபைல் டேட்டா வழியாக லேப்டாப்புக்கு இணையம் கிடைத்துவிடும், மீதி டிரைவர்களை அதுவே இறக்கிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு கட்டாய வேலை. புதிதாகப் போட்ட விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நுழைந்தால், பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டப்படும். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி உண்டு. அது மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பின்னாளில் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே உள்ளதை யாராலும் எடுக்க முடியாது.

பேரளத்து லேப்டாப்: கிரப் ரெஸ்க்யூ

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த பல லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய லினக்ஸ். திறந்ததும் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் கிரப் என்ற நிரல். அது பாஸ் இருந்த பகுதியில்தான் குடியிருக்கிறது. இடம் வேண்டும் என்று யாரோ விண்டோஸிலிருந்து அந்தப் பகுதியை அழித்திருக்க வேண்டும். கிரப் போய்விட்டது, விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது.

முதலில் பூட் மெனுவைத் திறந்து ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது யூஇஎஃப்ஐ முறை. அதைத் தேர்ந்தெடுத்தாலே விண்டோஸ் வரும். பயாஸில் அதை முதலிடத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. அந்த வரி இல்லையென்றால் லெகசி முறை. விண்டோஸ் பென் டிரைவில் கிளம்பி, ‘இன்ஸ்டால்’ அழுத்தாமல் கீழே உள்ள ‘ரிப்பேர்’ வழியாகக் கட்டளைத் திரைக்குப் போங்கள். அங்கே ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற விருப்பத்தோடு கொடுத்தால் கிரப் இருந்த இடத்தில் விண்டோஸின் பூட் நிரல் எழுதப்படும். கோப்பு எதுவும் அழியாது.

கடையில் கொடுப்பதானால்

இவற்றை நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறில்லை. என்ன வேலை என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். ‘விண்டோஸ் போட்டுக் கொடு’ என்றால் அவர் தனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வழியில் போவார். அந்த வழி ஃபார்மட். நின்ற திரையின் படத்தைக் காட்டுங்கள். முன்பு இருந்தது ஹோமா புரோவா, 32-பிட்டா 64-பிட்டா என்று சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் திருட்டு மென்பொருள் எதுவும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்களிடம் உரிமம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, புது எஸ்எஸ்டி-யோடு சிபியுவை மட்டும் கடைக்கு அனுப்புங்கள்.